பாதியில் நின்ற தையல்காரன்

முதலில் ஒரு விடுகதை.

வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய சொல் ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால், எதிரே பேசிக்கொண்டிருப்பவர் நின்றுவிடுவார். அது என்ன?

விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையில் வருகிற நல்லசிவத்துக்கு அது நான்கு வருடம் தெரியவில்லை.

*

"டீச்சர், ஒரு குறை சொல்ல வந்தேன்" என்றார் நல்லசிவம்.

"உக்காருங்க அண்ணாச்சி. படியேறி மூச்சு வாங்குது. குறையைக் கொஞ்சம் கழிச்சுச் சொல்லலாம்."

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அங்கேதான் செல்வி டீச்சர் பாட்காஸ்ட் செய்யக் கற்றுக்கொடுத்தார்.

பாட்காஸ்ட் என்றால் போனில் கேட்கிற பேச்சு. வானொலி மாதிரிதான். ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில் கேட்கலாம்.

செல்வி டீச்சருக்கு வயது முப்பத்து மூன்று. மருந்துக் கடை வைத்திருக்கும் நல்லசிவத்துக்கு ஐம்பத்து இரண்டு. இருந்தாலும் டீச்சர்தான் குரு. இவர்தான் சீடர்.

"இப்ப சொல்லுங்க."

"நீங்க சொல்லித் தந்ததை ஒண்ணுவிடாமச் செஞ்சேன். ஆனா கதை பாதியில நின்னுட்டு."

"யாரு சொன்ன கதை?"

"வண்டிமலை சொன்னது."

*

வண்டிமலைக்குப் பிறவியிலிருந்தே கண் பார்வை இல்லை.

முதலில் பஸ் ஸ்டாண்டில் டெலிபோன் பூத் வைத்திருந்தார். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு பூத்தில் வேலை இல்லை. அதே பெட்டியில் கடலைமிட்டாயும் முறுக்கும் விற்றார்.

முறுக்கை விட அவருடைய கதைகள்தான் பேர் வாங்கின. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அவர் பெட்டியைச் சுற்றி நிற்பார்கள். ஒரு கதையின் முடிவைத் தெரிந்துகொள்வதற்காக, கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒருவர் மூன்று பஸ்ஸை விட்டாராம். அவர் போய்ச் சேரும்போது பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டார்களாம்.

பஸ் ஸ்டாண்டில் இரைச்சல் என்று நல்லசிவம் ஐப்பசி மாதத்தில் அவரைத் தன் கடையின் பின்அறைக்குக் கூட்டி வந்தார். பதிவு செய்தார். வெளியிட்டார்.

கார்த்திகையில் வண்டிமலைக்குக் காய்ச்சல் வந்தது. அந்த மாதமே இறந்துபோனார்.

இப்போது தை மாதம்.

*

"கதை நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது டீச்சர். ஒரு தையக்காரன்கிட்ட பேய் வந்து சட்டை கேக்குது. அவன் அளவு எடுக்கப் பாக்கான், முடியல. அங்க நிப்பாட்டிட்டாரு. அவருக்குக் களைப்புன்னு நெனச்சேன்."

"கேட்டவங்க என்ன சொன்னாங்க?"

"முந்நூறு பேர் எழுதிட்டாங்க. பேய்க்கு அளவு எடுத்தானா இல்லையான்னு. பொங்கலுக்கு அப்புறம் போய் மிச்சத்தை வாங்கிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போயிட்டாரு."

"இதுதான் குறையா?"

நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்ல. பஸ் ஸ்டாண்டுல இப்ப என்ன பேசிக்கிடுதாங்க தெரியுமா? 'வண்டிமலைக்குக் கடைசியில மறதி வந்துட்டு. அதான் பேயை அம்போன்னு விட்டுட்டான்'னு சிரிக்கிறாங்க. அவரு மகளையும் பள்ளிக்கூடத்துல அப்படிச் சொல்லியிருக்காங்க. அந்தப் பிள்ளை ஒருத்தனைக் கடிச்சு வச்சுட்டு. அவ அம்மாக்காரி கடைக்கு மருந்து வாங்க வந்தப்ப சொன்னா."

"யாருக்கு மருந்து?"

"கடி வாங்கினவனுக்கு."

செல்வி டீச்சர் சிரிக்கவில்லை.

"அவருக்கு மறதியா டீச்சர்? நீங்க கேட்டுச் சொல்லணும்."

"பதிவு இருக்கா?"

"இருக்கு."

"வெட்டி ஒட்டினதா, வெட்டாததா?"

"வெட்டாதது."

"போடுங்க."

*

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன்னால், முதல் நாளில், செல்வி டீச்சர் நல்லசிவத்துக்குச் சொன்ன முதல் பாடம் இது:

"எதிர்ல இருக்கிறவர் பேசும்போது உங்க தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரக் கூடாது. அவங்க பேச்சு மேல அது விழுந்துட்டா அப்புறம் பிரிக்க முடியாது. பால்ல தண்ணி விழுந்த மாதிரி. நீங்க கேக்குறது அவங்களுக்குத் தெரியணும்னா தலையை ஆட்டுங்க. அது போதும்."

நல்லசிவம் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

பிறகு அவரிடமும் ஆட்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள். தோட்டம் போடுவதைப் பற்றி ஒருவர், சமையலைப் பற்றி ஒருவர், கிரிக்கெட்டைப் பற்றி ஒருவர் என்று பதினோரு பேர் சொந்தமாகப் பாட்காஸ்ட் நடத்திக்கொண்டிருந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடையின் பின்அறையில் கூடுவார்கள். தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அங்கேயும் முதல் பாடம் அதுதான்.

"நம்ம கூட்டத்தை வெளியில இருந்து பாத்தா தலையாட்டி பொம்மைக் கடைன்னு நெனச்சுக்கிடுவாங்க அண்ணாச்சி" என்பார் கிரிக்கெட் இசக்கிராஜ்.

எல்லாரும் சிரிப்பார்கள். சத்தம் இல்லாமல்.

மார்கழி மாதக் கூட்டத்தில் நல்லசிவம் வண்டிமலையின் பேச்சைப் போட்டுக் காட்டினார்.

"அவர் கதை சொல்லுதப்ப எங்கயாவது என் சத்தம் கேக்குதா?"

"இல்ல அண்ணாச்சி."

"இதுதான் கேக்கிற முறை" என்றார் நல்லசிவம்.

பதினோரு பேரும் கைதட்டினார்கள்.

*

வெட்டாத பதிவு ஓடியது.

முதல் கால் மணி நேரம் நல்லசிவம் கேள்வி கேட்டார். வண்டிமலை பதில் சொன்னார். பூத்தில் அழுதுகொண்டே போன் பேசினவர்களைப் பற்றிச் சொன்னார். பந்தியைத் தவறவிட்டவரைப் பற்றிச் சொன்னார். குரல் கணீரென்று இருந்தது.

பிறகு கதை ஆரம்பித்தது.

"ஒரு ஊர்ல ஒரு தையக்காரன் இருந்தான்."

அமைதி. மூன்று வினாடி.

"உச்சி வெயில்ல அவன் கடைக்கு ஒரு பேய் வந்தது."

அமைதி. ஐந்து வினாடி.

"எனக்கு ஒரு சட்டை வேணும், அளவு எடுன்னு கேட்டது. இவன் டேப்பை எடுத்து அதோட நெஞ்சைச் சுத்தினான். டேப்பு சுருண்டு கீழ விழுந்துட்டு. உள்ள ஆள் இல்லைல்லா!"

வண்டிமலை சிரித்தார். அவர் மட்டும் சிரித்தார். சிரிப்பு பாதியில் அடங்கியது.

அமைதி. மின்விசிறிச் சத்தம். தூரத்தில் ஒரு பஸ்ஸின் ஹாரன்.

"தையக்காரன் யோசிச்சான்..."

இந்தத் தடவை அமைதி மிகவும் நீளமாக இருந்தது. செல்வி டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வினாடி.

"சரி சார்" என்றது வண்டிமலையின் குரல். கணீர் போயிருந்தது. "உங்களுக்கு ஆயிரம் வேலை கெடக்கும். இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

"ரொம்ப நன்றி" என்றது நல்லசிவத்தின் குரல்.

பதிவு முடிந்தது.

"இந்த இடைவெளியை எல்லாம் என்ன செஞ்சீய?" என்று கேட்டார் செல்வி டீச்சர்.

"வெட்டிட்டேன். கேக்கிறவங்களுக்கு இழுவையா இருக்கும்லா."

"அவர் பேசாம இருந்தப்ப நீங்க என்ன செஞ்சீய?"

"தலையை ஆட்டினேன். ரசிச்சு ரசிச்சு ஆட்டினேன் டீச்சர். வீட்டுக்கு வந்தப்புறம் கழுத்து வலி."

செல்வி டீச்சர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்.

*

"கண்ணை மூடிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் பிறகு.

நல்லசிவம் மூடிக்கொண்டார்.

"உங்க கடையில நடந்தது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. நான் கேக்கேன்."

"என்ன டீச்சர், சோதனையா?"

பதில் இல்லை.

"சரி. ஒருநாள் ஒரு வாட்ச்மேன் வந்தாரு. ராத்திரி தூக்கம் வராம இருக்க மாத்திரை குடுங்கன்னாரு."

மெத்தைச் சுவர்கள் அவர் குரலைக் குடித்துக்கொண்டன.

"அப்படி மாத்திரை எல்லாம் சும்மா தர முடியாதுன்னேன். வீட்டுல என்ன விசேஷம்னு கேட்டேன். பகல்ல தூங்க முடியலன்னாரு."

ஒரு சத்தமும் இல்லை.

"ஏன் தூங்க முடியலன்னேன். பக்கத்து வீட்டுல... டீச்சர்?"

பதில் இல்லை.

"பக்கத்து வீட்டுல நாதஸ்வரம் படிக்கிறாங்களாம். அதுக்கு நான்..."

நல்லசிவம் நிறுத்தினார். டீச்சர் எழுந்து வெளியே போயிருப்பாரோ என்று தோன்றியது. யாரும் இல்லாத அறையில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று கூச்சமாக இருந்தது. காது சூடாகியது.

"அவ்வளவுதான் டீச்சர். பெரிய கதை ஒண்ணுமில்ல" என்றார்.

கண்ணைத் திறந்தார்.

செல்வி டீச்சர் அவருக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் போச்சு. ஏன் நிப்பாட்டினீய?" என்று கேட்டார்.

நல்லசிவத்தின் வாய் திறந்தது. மூடியது.

"டீச்சர்... அவருக்குக் கண்ணு..."

"ம்" என்றார் செல்வி டீச்சர்.

அந்த அறையில் அந்தச் சொல் கேட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது.

*

விடை கிடைத்துவிட்டது. ஆனால் கதை இன்னும் இருக்கிறது.

"சொல்லித் தந்தது நான்தான் அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

"அவரு எதிர்ல உக்காந்தது நான்தான."

இரண்டு பேரும் சிறிது நேரம் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் நல்லசிவம்.

செல்வி டீச்சர் மைக்கை எடுத்துப் பையில் போட்டார். செருப்பை மாட்டினார்.

*

வண்டிமலையின் வீட்டுக்கு இரண்டு பேரும் போனபோது, அவர் மனைவி சொர்ணம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மகள் முப்பிடாதி தரையில் உட்கார்ந்து வாய்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். நான்காம் வகுப்பு.

"வாங்க மெடிக்கல் சார்" என்றார் சொர்ணம்.

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் எங்கப்பாவை ரெக்கார்டு பண்ணின மாமாவா?"

"ஆமா."

"நீங்கதான் எங்கப்பா மறந்துட்டாங்கன்னு போட்டதா?"

"நான் அப்படிப் போடலியே பிள்ளை."

"பாதியில நிப்பாட்டிப் போட்டா பின்ன என்ன அர்த்தமாம்?"

"ஏட்டி! வந்தவங்ககிட்ட இப்படியா பேசுவ?" என்றார் சொர்ணம். ஆனால் அவரும் நல்லசிவத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் தரையில் உட்கார்ந்தார்.

"மிச்சக் கதை உனக்குத் தெரியுமா?"

"நூறு தடவை கேட்டிருக்கேன்."

"அந்தத் தையக்காரன் பேய்க்கு அளவு எடுத்தானா?"

"எடுத்தான்."

"எப்படி?"

முப்பிடாதி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அப்பா மறக்கல" என்றார் நல்லசிவம். "அது எனக்குத் தெரியும். அவங்க கதை சொன்னப்ப நான் ம் கொட்டல. அதனால நிப்பாட்டிட்டாங்க."

முப்பிடாதிக்கு அது விளங்கவில்லை.

"ம் கொட்டாம எப்படிக் கதை கேப்பீய?"

"தலையை ஆட்டினேன்."

"எங்கப்பாகிட்டயா?"

"ஆமா."

பீடித் தட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்த சொர்ணத்தின் விரல்கள் நின்றன.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாக" என்றார் அவர். "மெடிக்கல் சாருக்கு நம்ம கதை பிடிக்கல போலுக்கு, கடனேன்னு உக்காந்திருந்தாருன்னாக. அதுக்கப்புறம் பஸ் ஸ்டாண்டுலயும் கதை சொல்லல. கேட்டா, எல்லாம் பழைய கதை, யாருக்கு வேணும்னாக. பெறவு காய்ச்சல் வந்துட்டு."



சொர்ணம் அடுத்த இலையை எடுத்தார். மறுபடியும் விரல்கள் ஓட ஆரம்பித்தன.

*

"பிள்ளை" என்றார் நல்லசிவம். "நீ மிச்சத்தைச் சொல்லு. இந்த மைக்குல பதிஞ்சு அப்பா பேச்சோட ஒட்டிருவேன். ஒட்டினதே தெரியாது. முழுக் கதையாயிரும். அப்புறம் யாரும் அப்பாவுக்கு மறதின்னு சொல்ல மாட்டாங்க. இந்தத் தடவை நான் ம் கொட்டுதேன்."

முப்பிடாதி யோசித்தாள்.

"ஒட்டினா நின்ன இடம் யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"நீங்க ம் கொட்டாததும் தெரியாதா?"

நல்லசிவம் செல்வி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மைக்கின் உறையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"தெரியாது" என்றார் நல்லசிவம்.

"உங்களை மாதிரி இன்னும் யாராவது தலையாட்டுதாங்களா?"

"பதினோரு பேர். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அவங்ககிட்ட நீங்க சொல்லிட்டீயளா?"

"இன்னும் இல்ல."

"ஏன்?"

 பதினோரு பேர் கைதட்டியது நல்லசிவத்தின் காதில் கேட்டது.

"வெக்கமா இருக்கு" என்றார்.

 பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைக் கடித்துவிட்டு எல்லார் முன்னாலும் நின்றவள் முப்பிடாதி. வெட்கம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

செல்வி டீச்சர் மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

"முப்பிடாதி, இதை முழுசாக் கேளு. மிச்சக் கதையைச் சொல்லணும்னா நீயே வச்சுக்கிட்டுப் பேசு. கதை ஏன் நின்னதுன்னு ஊருக்குச் சொல்லணும்னா மாமாகிட்ட குடு. அவுக சொல்லுவாக."

"ரெண்டையும் போட்டா என்ன?" என்று கேட்டார் சொர்ணம்.

"போடலாம் அக்கா. ஆனா பேய்க்கு அளவு எடுத்தாச்சுன்னா, அப்புறம் மாமா சொல்றதை யாரு காது குடுத்துக் கேப்பா?"

சொர்ணம் தலையசைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "ஆமா, கேக்க மாட்டாங்க" என்று வாயால் சொன்னார்.

தெருவில் ஒரு பஸ் போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

முப்பிடாதி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நல்லசிவம் "ம்" சொல்லத் தயாராக உதடுகளை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அவள் மைக்கை நல்லசிவத்திடம் கொடுத்தாள்.